வெடிச் சத்தமும் குதிரையும்: எல்லாம் தூரக் கணக்கு

குதிரையைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்க வேண்டும் என்றால், கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே சுடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாலு தடவை துள்ளிவிட்டு அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அடங்கத்தான் செய்யும். ஆனால் ஓட வழியில்லாமல் உறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். துள்ளும்போது முகக்கயிறு பிடரியை அழுத்துவதால் பீதி இன்னும் கூடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தூரத்தில் சுடத் தொடங்கி, குதிரையின் உடலைப் பார்த்துப் பார்த்து மெல்ல நெருங்கி வர வேண்டும்.

சத்தம் வந்த திக்குக்கு முதலில் திரும்புவது காது. இரண்டு காதும் தனித்தனியே ஏறக்குறைய அரைவட்டம் சுழலும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், குதிரைக்கு 33,000 வரை கேட்கும். அடுத்துத் தலை உயரும், கழுத்து விறைக்கும், மூக்குத் துவாரம் விரியும். இவற்றைவிட வாயைப் பாருங்கள். மென்றுகொண்டிருந்த தாடை நின்றுபோய், பாதிப் புல் உதட்டோரம் தொங்கும். சில நொடிகளில் தாடை மறுபடி அசைந்தால் தூரம் சரி. வால் ஒட்டிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிந்து, பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்துவிட்டால் மிக நெருங்கிவிட்டோம்.

பலர் சறுக்குவது தூரத்தில்தான். திறந்தவெளியில் தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். 200 மீட்டரிலிருந்து 100-க்கு வந்தாலும் 6 டெசிபல்தான், 20-லிருந்து 10-க்கு வந்தாலும் அதே 6 டெசிபல்தான். ஆரம்பத்தில் ஐம்பது மீட்டர் குறைத்தபோது அசையாத குதிரை, கடைசியில் பத்து மீட்டர் குறைத்ததும் பிய்த்துக்கொண்டு ஓடுவது இதனால்தான். 40 மீட்டருக்குள் வந்தபின் இரண்டு மூன்று மீட்டராகத்தான் குறைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 200 மீட்டருக்கு அப்பால் வெற்றுத் தோட்டாவோடு (குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் வரும் தோட்டா), இன்னொருவர் கொள்ளு வாளியோடு குதிரையருகே. கூடவே, ஏற்கெனவே பழகிய நிதானமான குதிரை ஒன்று நின்றால் பாதி வேலை குறையும். குதிரை தின்னத் தொடங்கிய பிறகே ஒரு வெடி. மறுபடி மெல்லும்வரை அடுத்தது கூடாது. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து வெடி போதும். தொடர்ந்து மூன்று நாள் தாடை நிற்கவில்லை என்றால் கிட்டே வரலாம். இடப்பக்கம் பழகியது வலப்பக்கத்துக்கும் அப்படியே வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், அங்கேயும் தூரத்திலிருந்தே தொடங்குங்கள். சுவர் சூழ்ந்த இடம் வேண்டாம், எதிரொலி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று குதிரைக்குப் புரியாது. ஒலிபெருக்கியில் பதிவைப் போடுவது ஆரம்பத்துக்கு உதவும். ஆனால் நிஜ வெடியின் அதிர்வும் புகையும் மருந்து நாற்றமும் அதில் வராது.

சேணத்திலிருந்து சுடும்போது குதிரையின் காதுக்கு மேலாகவோ காதருகிலோ சுடக்கூடாது, கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். பஞ்சுக் காதடைப்பைப் பல வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். வெடிக்குமுன் சவாரிக்காரர் கடிவாளத்தை இறுக்கித் தொடையால் கவ்வினால், ஏதோ வரப்போகிறது என்று குதிரைக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

இத்தனை செய்தும் குதிரை பழகுவது அந்தச் சத்தத்துக்கும் அந்தச் சூழலுக்கும்தான். லண்டனில் 2024 ஏப்ரல் 24 அன்று, அணிவகுப்பு ஆரவாரத்துக்கெல்லாம் பயிற்சி பெற்ற அரச குதிரைப்படைக் குதிரைகள், கட்டுமான இடத்தில் பக்கத்திலேயே கான்கிரீட் இடிபாடு கொட்டப்பட்ட சத்தத்தில் மிரண்டு, வீரர்களைத் தள்ளிவிட்டு நகருக்குள் ஓடின. சில குதிரைகள் பலத்த காயமடைந்தன. வளர்ப்பில் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. உயரத்திலிருந்து திடீரென விழும் இரைச்சல் வேறு பாடம்.

நம் ஊரில் தீபாவளிதான் சோதனை. பட்டாசுக்குச் சட்டம் வைத்த எல்லை, வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். அதே வெடி 64 மீட்டரில்கூட நூறு டெசிபலைத் தொடும். அன்று மாலைக்கு முன்பே லாயத்துக்குள் கட்டி, விளக்கைப் போட்டுவிடுங்கள், வெளியே பளிச்சிடுவது உறைக்காது. ரேடியோவைச் சீராக ஓடவிட்டு, புல்லை நிறைய வையுங்கள். மயக்க மருந்து தேவையென்றால் கால்நடை மருத்துவர் முதல் வெடிக்கு முன்பே கொடுக்க வேண்டும். மிரண்ட பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். மட்டம் குறையவில்லை, சாணமும் குறைவு என்றால் வயிற்றுவலி தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.