கண்டல் விறகும் எங்கள் அடுப்படிகளும்

இலங்கையின் முல்லைத்தீவில், நாயாற்றுக் களப்போரம் வளர்ந்தவர்களுக்குக் கண்டல் (களப்புச் சேற்றில் வளரும் சதுப்புநில மரம்) விறகின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த கொள்ளி இரண்டு இருந்தால் சோறும் கறியும் இறக்கிய பின்னும் தணல் கிடக்கும். அந்தத் தணலிலேயே அம்மா கருவாட்டைச் சுட்டுவிடுவார். தில்லை மரத்தை மட்டும் அவர் வீட்டுக்குள் எடுக்கவிடமாட்டார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, புகையும் கண்ணைக் கரிக்கும்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாயானது. ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறியபோது, படகும் கரையில் கிடந்தது, அடுப்பும் விறகுக்குத் திரும்பியது. விறகு பொறுக்குவது எங்கள் பக்கத்தில் பெண்களின் வேலை என்பதால், அந்தச் சுமை அவர்கள் தலையிலேயே ஏறியது.

அந்த நாள்களில் பக்கத்து வளவு அக்காவை உத்தியோகத்தர் ஒருவர் வழியில் மறித்தார். அக்காவின் விறகுக்கட்டில் பெரும்பாலும் பட்ட கொப்புகள்தான். இரண்டு தடிகள் மட்டும் பச்சை. அக்கா எதுவும் பேசாமல் விறகைக் கரையில் கொட்டிவிட்டு, பழைய வலையிலிருந்து எடுத்த நைலோன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தார். அன்று மாலை பன்னாடையையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலையும் வைத்து உலை மூட்டினார். புகையில் இருமியபடி அவர் ஊதியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பச்சைக் கண்டலை வெட்டக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இறால் குஞ்சும் நண்டும் அதன் வேர்களுக்குள்தான் வளர்கின்றன. கரை மண்ணைப் பிடித்து வைப்பதும், சேற்றுக்குள் காபனைத் தேக்கி வைப்பதும் அந்த மரங்களே. ஆனால் களப்பில் இறங்கிக் கையால் இறால் தடவுபவரும் அதே அக்காதான். மரம் அழிந்தால் முதலில் நட்டப்படப்போகிறவரைக் கள்ளியைப்போல் நிறுத்தி வைத்துக்கொண்டு எந்தக் காட்டைக் காக்க முடியும்?

2015இல் சீகோலஜி என்ற அமெரிக்கச் சூழல் அமைப்பும் சிலாபம் பகுதியில் இயங்கும் சுதீச நிறுவனமும் அரசுடன் சேர்ந்து, கண்டலைக் காக்க முன்வரும் கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கும் திட்டத்தை அறிவித்தன. பெண்களைக் காவலர்களாகக் கண்ட அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். ஆயினும் கடன் பெற்ற பெண்ணும் மாலையில் உலை வைத்தாக வேண்டும். ஆகவே விறகுக்கு மாற்று அவருடைய வளவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதற்குக் கிளிசரியா (சீமைக்கிளுவை) வேலியை விட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மாரி தொடங்கும்போது தடியை ஊன்றினால் போதும், வெட்ட வெட்டத் தளிர்க்கும்; குழை வயலுக்கு உரம், தடி அடுப்புக்கு. 2005இல் அரசே அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. ஒரே தீயில் இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண்ணடுப்பும் சேர்ந்தால் விறகுச் செலவு குறையும். வேலியடைக்க நிலமே இல்லாத குடும்பங்களுக்குப் பொதுக்காணியில் விறகுத் தோப்பு ஒன்று வேண்டும். அதை இப்போதே கேட்க வேண்டும்.

சென்ற மாரியில் அக்காவின் வடக்கு வேலியில் நாற்பது தடிகள் ஊன்றினோம். ஆடு கடித்தவை போக மிச்சமெல்லாம் தளிர்விட்டிருக்கின்றன. முதல் வெட்டுக்கு இன்னும் ஒரு மழைக்காலம் போக வேண்டும். அதுவரை அக்கா கயிற்றை எடுத்துக்கொண்டு களப்புக்குத்தான் போய்வருகிறார், பட்ட கொப்பு மட்டும் பொறுக்க.