விடைபெறும் வகுப்புக்கு வகுப்பாசிரியராக

பள்ளியின் இறுதி வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருப்பது மற்ற வகுப்புகளைப் போன்றதல்ல. பாடம் முடிந்து திருப்புதல் தொடங்கும்போதே பிள்ளைகளின் மனம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் தேர்வு, அடுத்து என்ன படிப்பது என்ற கவலை. இன்னொரு பக்கம், இந்த அறையில் எல்லோரும் சேர்ந்து உட்காரப்போவது இன்னும் எத்தனை நாள் என்ற எண்ணம். பல ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்தியதில் எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. பிரிவு உபசார விழா, மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்த நாலைந்து பேருடைய விழாவாக முடிந்துவிடக் கூடாது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளையும், 'நானும் இங்கே இருந்தேன், அது நாலு பேருக்குத் தெரியும்' என்ற நிறைவோடு வெளியே போக வேண்டும்.

முதலில் வருவது குரூப் போட்டோ. அன்று காலையிலிருந்தே வகுப்பில் பாடம் ஓடாது. உயரம் பார்த்து வரிசை பிரிப்பார்கள், யார் பக்கத்தில் யார் நிற்பது என்று பேரம் நடக்கும், யாராவது ஒருவர் ஓரத்தில் ஒதுங்குவார். அவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவது என் வேலை. படம் எடுத்த கையோடு, பிள்ளைகள் கலைவதற்கு முன், வரிசைப்படி பெயர்களை எழுதி வாங்கிவிடுவேன். "எங்களுக்கு எங்களைத் தெரியாதா மிஸ்?" என்று கேட்பார்கள். இப்போது தெரியும். பிற்பாடு என்ன ஆகும் என்பதை ஒரு ஆய்வு அழகாகக் காட்டியிருக்கிறது.

ஹாரி பாஹ்ரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு அது. பள்ளிப் படிப்பை முடித்த 392 பேரிடம் அவரவர் பள்ளி ஆண்டு மலரை வைத்துச் சோதனை நடத்தினார்கள். முடித்துச் சில மாதங்களே ஆனவர்களும் இருந்தார்கள், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆனவர்களும் இருந்தார்கள். தெரியாத முகங்களுக்கு நடுவே வகுப்புத் தோழரின் முகத்தை வைத்து, இதில் உங்களோடு படித்தவர் யார் என்று கேட்டால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தவர்கள்கூட நூற்றுக்குத் தொண்ணூறு முறை அளவுக்குச் சரியாகக் காட்டினார்கள். பெயர்ப் பட்டியலைக் காட்டி இதில் தெரிந்த பெயர் எது என்று கேட்டபோது, சுமார் பதினைந்து ஆண்டு வரைதான் அதே அளவுக்குச் சொல்ல முடிந்தது. படத்தைக் காட்டி 'இவர் பெயர் என்ன' என்றபோதுதான் நிலைமை மோசம். சில மாதங்களிலேயே தடுமாற்றம் தொடங்கி, ஆண்டு ஆக ஆகக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஆக, முகத்தை நாம் விடுவதில்லை. பெயர்தான் நழுவுகிறது. அதனால்தான் படத்துக்குக் கீழே பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். முழுப் பெயர் மட்டும் போதாது, வகுப்பில் கூப்பிட்ட பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தப் பட்டப் பெயரை வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று உரியவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். சில பட்டப் பெயர்கள் கூப்பிட்டவருக்குத்தான் இனித்திருக்கும்.

அப்புறம் பேச்சு. இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

பேசப்போகும் பிள்ளைகள் கொண்டுவரும் முதல் வரைவு ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காலம் ஓடியதே தெரியவில்லை, பள்ளி எங்கள் இரண்டாவது வீடு, ஆசிரியர்கள் எங்களை ஏற்றிவிட்ட ஏணிகள், சிறகு விரித்துப் பறக்கப் போகிறோம். எழுதும் பிள்ளைக்கு உள்ளே நிஜமான உணர்ச்சி இருக்கிறது, அதைச் சொல்லக் கையில் கிடைத்த வார்த்தைகள் இவை, அவ்வளவுதான். நான் திருத்துவதில்லை, கேள்வி கேட்பேன். எந்த நாள் ஓடியது தெரியவில்லை? அன்று என்ன நடந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

ஒருமுறை ஒரு மாணவி இப்படித்தான் வரைவோடு வந்து நின்றாள். நன்றாகப் பேசுவாள், எல்லாப் போட்டியிலும் அவள் பெயர் இருக்கும். கேட்டுக்கொண்டே போனபோது, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு பேச்சுப் போட்டியில பாதியில மறந்துபோச்சு மிஸ். அவ கீழ உட்கார்ந்து அடுத்த வரியை வாயசைச்சுக் காட்டினா. அதைப் பார்த்துத்தான் முடிச்சேன்." அவள் சொன்ன பெண் வகுப்பிலேயே அமைதியானவள், இவளுடைய நெருங்கிய தோழியும் இல்லை. ஒத்திகையின்போது பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. "இதை அவகிட்ட எப்பவாவது சொன்னியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். விழாவில் அவள் ஏணி, சிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொன்னாள். மொத்த வகுப்பும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது. அவளுக்கு முகம் சிவந்து தலை குனிந்துவிட்டது. விழா முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்து சொன்னது: "அதை அவ கவனிச்சதே எனக்குத் தெரியாது மிஸ்."

இதிலிருந்துதான் எங்கள் வகுப்பில் துண்டுச்சீட்டு வழக்கம் வந்தது. பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்த பெயருக்கு உரியவர் இந்த வகுப்பில் செய்து தான் கண்ணால் பார்த்த ஒரு செயலை எழுத வேண்டும். 'நல்ல பையன்', 'அன்பான பொண்ணு' என்றெல்லாம் எழுதக் கூடாது. செயல் வேண்டும். முதல் மணிக்கு முன்பே யாரும் சொல்லாமல் கரும்பலகையைத் துடைத்து வைத்தவன், உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தவளுக்காகக் கணக்கு நோட்டை இன்னொரு பிரதி எழுதி வைத்தவள், சண்டை முற்றும்போது நடுவில் வந்து நின்று அடியும் வாங்கிக்கொண்டவன் என்று ஒவ்வொன்றாக வரும். எனக்குத் தெரியாத எத்தனையோ காரியங்கள் என் கண் முன்னாலேயே நடந்திருக்கின்றன என்று ஒவ்வொரு ஆண்டும் வியப்பேன். சீட்டுகளை முன்கூட்டியே நான் படித்துவிடுவேன், யாரையும் புண்படுத்துவது உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. 'எனக்கு இவனைப் பத்தி எதுவுமே தெரியாது மிஸ்' என்று சிலர் வருவார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, கவனித்துப் பார் என்று அனுப்பிவைப்பேன். அந்த ஒரு வாரத்தில் அதுவரை பேசாத இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள்.

மதிப்பெண் பரிசளிப்பை இதே விழாவில் வைப்பதை நான் எப்போதும் எதிர்த்துப் பேசுவேன். தரவரிசைக்கென்று ஒரு நாளைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே. மதிப்பெண்ணைப் பற்றிய நினைவும் நாம் நம்புகிற அளவுக்கு உறுதியானதல்ல. அதே பாஹ்ரிக் 1996-இல், கல்லூரி மாணவர்கள் 99 பேரைத் தங்கள் பள்ளி கிரேடுகளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி, பள்ளி ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏ கிரேடு வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், டி கிரேடு வாங்கியதை 29 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். தவறுகளில் பெரும்பாலானவை கூட்டிச் சொன்னவை. இதில் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. குறைந்த மதிப்பெண்ணை மனமே மெல்லக் கழித்துவிடுகிறது. கடைசி நாளில் மேடையில் நாம் அதை ஏன் தோண்டி எடுக்க வேண்டும்?

கடைசி நாள் எப்படி அமைகிறது என்பது முக்கியம். உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்கள் ஒரு கையைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீரின் குளிர் சற்றே குறைந்த 30 விநாடி சேர்க்கப்பட்டது. மறுபடி செய்யச் சொன்னால் எதைத் தேர்வீர்கள் என்றதற்கு, பெரும்பாலானோர் நீண்ட நேரம் வலித்த இரண்டாவதையே தேர்ந்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். பள்ளி வாழ்க்கையை விநாடிக் கணக்குச் சோதனையோடு அப்படியே பொருத்த முடியாது, அது எனக்கும் தெரியும். என்றாலும் கடைசி வாரத்தில் ஒரு பிள்ளையிடம் கடுமையாகப் பேச வாய் வரும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

எல்லோருக்கும் திரும்பிப் பார்ப்பது இனிப்பதில்லை. "எனக்கு இந்த ஸ்கூல் பிடிக்கவே இல்ல மிஸ், நான் எதுக்கு வரணும்?" என்று கேட்ட மாணவன் உண்டு. அவனைக் கேலி செய்தவர்களும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் 'எல்லாத்தையும் மறந்துடு, இது கடைசி நாள்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவன் சொன்னதை முழுசாகக் கேட்டேன். வர வேண்டிய கட்டாயம் இல்லை என்றேன். அவன் வந்தான், ஒலிபெருக்கிப் பக்கம் நின்று மைக்கைப் பார்த்துக்கொண்டான், அது அவனாகக் கேட்டு வாங்கிய வேலை. கேலி செய்தவர்களில் ஒருவன் தனியாக வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மன்னித்தானா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்களுக்குள் இருக்க வேண்டியது.

ஆட்டோகிராப் நோட்டு இப்போது குறைந்துவிட்டது, இருந்தாலும் சிலர் கொண்டுவருகிறார்கள். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் ஏடுகளில் எழுதி வாங்கி, போகும் ஊரெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களாக இருந்த கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதிகள் மார்ட்டின் லூதரும் மெலாங்தனும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் நோட்டு நீட்டப்பட்டால் 'வாழ்க வளமுடன்' என்று எழுதி நகர மனம் வராது. வீட்டுக்கு எடுத்துப்போய், அந்தப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியையோ, பிடிவாதமாகப் போட்டு முடித்த ஒரு கணக்கையோ நினைவுபடுத்தி எழுதுவேன். வயது கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து முதல் முப்பது வயது வரையிலானவையே அதிகம் வருகின்றன என்று நினைவாற்றல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயது அதன் நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை அறுபது வயதில் புரட்டக்கூடிய பக்கத்தில் எழுதுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் பேனா தானாகவே நிதானப்படும்.

இன்னும் ஒன்று, பலர் யோசிக்காதது. இறுதி வகுப்பில் இருப்பவர்கள் மட்டுமே அந்த வகுப்பு அல்ல. நடுவில் வேறு பள்ளிக்கு மாறியவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், உடல்நலம் காரணமாக ஓர் ஆண்டு பின்தங்கியவர்கள் எல்லாம் உண்டு. ஒரு வகுப்பில் பிள்ளைகளே வந்து, இடையில் நின்றுபோன ஒருத்தியை அழைக்கலாமா என்று கேட்டார்கள். அழைத்தோம். தயங்கித் தயங்கித்தான் வந்தாள், போகும்போது எல்லோருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அழைப்புப் பட்டியல் போடும்போது, பழைய வருகைப் பதிவேடுகளில் அடிக்கப்பட்ட பெயர்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். சிலர் வருவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், சிலரை எங்கே தேடுவது என்றே தெரியாது. தேடுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன், என்னைவிட அவர்களுக்கு வழி தெரிகிறது.