ஆத்தூர் புல்லட்: ஒரு பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025, ஞாயிறு

ஆத்தூரிலிருந்து வண்டி வந்து சேர்ந்துவிட்டது. 1974 மாடல் புல்லட், 350 சி.சி. ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற வண்டி. டாடா ஏஸில் ஏற்றி, கயிறு கட்டி, நேராகச் சேலத்தில் பாய் பட்டறையில் கொண்டு வந்து இறக்கினோம்.

பாய் பெயிண்டையும் பார்க்கவில்லை, துருவையும் பார்க்கவில்லை. டீசல் நனைத்த துணியால் இன்ஜின் நம்பரைத் துடைத்தார், சேஸிஸ் நம்பரைத் துடைத்தார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். இரண்டும் ஒத்துப்போனதும்தான் டீ சொன்னார். பழைய வண்டியில் முதல் ஆபத்து இதுதான். ஒரு வண்டியின் இன்ஜின், இன்னொன்றின் ஃபிரேம், மூன்றாவதின் காகிதம் என்று சேர்த்துக் கட்டி விற்பவர்கள் நிறைய. திருட்டு வண்டியின் பாகம் உள்ளே இருந்தால், ஆசையாக வாங்கியவன்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்.

இந்த வண்டி பிறந்த ஊர் திருவொற்றியூர். ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியிலிருந்து புல்லட்டை வரவழைத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், பிறகு பாகங்களையே இங்கு செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் அதே வண்டி தொடர்ந்து உருவானது, 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. வடசென்னைத் தொழிலாளர் கை பட்ட இரும்பு இது. எனக்கு இதன் மேல் இருக்கும் மரியாதைக்கு அதுதான் காரணம்.

ஜனவரி 19, ஞாயிறு

பிஸ்டன் போரில், அதாவது சிலிண்டர் துளையில், பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிளக்கைக் கழற்றி, டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டிருக்கிறோம். கிக்கரை மிதித்து இளக்கலாமா என்று பட்டறைக்கு வந்த ஒருவர் யோசனை சொன்னார். பாய் கிக்கரையே கழற்றித் தன் டிராயரில் போட்டுக்கொண்டார்.

டேங்க் அடியில் ஊசித் துளைகள். தெரு முனையில் வெல்டிங் கடை இருக்கிறது, பத்து நிமிட வேலை என்றார்கள். பாய் விடவில்லை. எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும் டேங்க் மடிப்பிலும் துருவிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி போதும், டேங்க் வெடித்து வெல்டர் முகத்தில் அடிக்கும். அவர் இளவயதில் பக்கத்துப் பட்டறையில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பல முறை அலசி, வெல்ட் வைக்கும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வெல்டர் கையில் கொடுக்கப் போகிறோம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சக்கரங்களைக் கழற்றினோம். பின் டிரம் திறந்ததும் உள்ளே கறுப்புப் பொடி. பட்டறைப் பையன் வழக்கம்போல ஏர் கன்னை எடுத்து வந்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் காலத்து பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் நோய் வெளியே தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டினோம். “இத்தனை வருஷம் ஊதித்தானே எடுத்தோம்” என்றார் பாய், மெதுவாக. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, “இனிமே எந்த வண்டி வந்தாலும் ஈரத் துணிதான்” என்றார்.

முன் பிரேக் வெறும் 6 அங்குல டிரம். ஏறக்குறைய 160 கிலோ வண்டி, அதன் மேல் ஆள் வேறு. இன்ஜின் வேலைக்கு முன்னால் பிரேக் வேலை என்று முடிவு செய்திருக்கிறோம். “முதல்ல நிக்கணும் தம்பி, அப்புறம் ஓடலாம்” என்கிறார் பாய். இரண்டு டிரம்மையும் லேத்தில் போட்டு உருட்டுச் சரிசெய்து, ஷூவுக்குப் புது லைனர் ஒட்டக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று இரவு ரயிலேறி இன்று காலை சென்னை. எழும்பூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே புதுப்பேட்டை. கூவம் கரையோரம் அந்தச் சந்துகளில் நுழைந்துவிட்டால் நேரம் போவது தெரியாது. கியர் பாக்ஸ் குவியல், ஹெட்லைட் டூம் தொங்கும் கொக்கிகள், மட்கார்டு அடுக்கு. ஒரு கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்தே எந்தக் கால வண்டி என்று சொன்னார்.

மின்னோட்டம் காட்டும் அசல் ஆம்பியர் மீட்டர் ஒன்று கிடைத்தது, முள் ஆடுகிறது. ஹெட்லைட்டுக்கு மேலே இரு பக்கமும் இருக்கும் பட்டன் லைட் இரண்டும் கிடைத்தன. புதிதாக வரும் டூப்ளிகேட் பாகங்கள் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் சுருதி சேர்வதில்லை. வெர்னியர் வைத்து அளந்து பார்த்தால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு புஷ் இரண்டு அளவு காட்டுகிறது. தேய்ந்த அசல் பாகத்தைச் சரிசெய்து போடுவதா, தேயாத டூப்ளிகேட்டைப் போடுவதா என்றால் நான் எப்போதும் அசல் பக்கம்தான். கேபிள், லைனர், டயர், டியூப், பெட்ரோல் ஹோஸ் இவற்றில் மட்டும் பழசுக்கு இடமே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

ரம்ஜான் நோன்பு. பாய் காலையில் மட்டும் வேலை பார்க்கிறார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் கிராங்க் முன்னால் உட்கார்ந்திருக்க, எங்களுக்கும் டீ குடிக்க மனம் வரவில்லை.

பிஸ்டன் வெளியே வந்து, போர் ஒரு அளவு பெரிதாக்கி, புது பிஸ்டன், ரிங்கு தயார். இந்த இன்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிஸ்டனின் அகலத்தைவிட அது போகும் தூரம் அதிகம். கூடவே கனமான ஃபிளைவீல், குறைந்த கம்ப்ரஷன். அதனால்தான் வேகம் குறைவாக இருக்கும்போதே இழுவை வந்துவிடுகிறது, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. புல்லட்டின் அந்த ‘டப் டப்’ சைலன்சரில் மட்டும் இல்லை, இந்த அளவுகளில் இருக்கிறது. சைலன்சரை ஓட்டைபோட்டுத் தெருவை அதிர வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல சைலன்சருக்குப் பின்னால் நின்று கேட்டால்தான் அந்த இன்ஜின் பேசுவது புரியும்.

கனெக்டிங் ராடின் பெரிய முனையில் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவில் அது தன் போக்கில் சுற்றும், ஆயில் படலம்தான் அதைத் தாங்குகிறது. ஆயில் வராமல் சிறிது நேரம் ஓடினாலும் புஷ் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் அப்படி ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். ஆகவே ஆயில் பம்பைப் பிரித்து, பிளஞ்சர், வட்டு எல்லாவற்றையும் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினோம். மூன்று வாரமாக இந்த ஒரு வேலையில்தான் அவர் அதிகம் பேசியிருக்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

நாளை பெருநாள். பட்டறை பாதி மூடியிருக்கிறது. பெயிண்ட் வேலை மட்டும் நடந்தது.

எல்லாவற்றையும் குரோம் போட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வண்டி ஆலையை விட்டு வந்தபோது இல்லாத பளபளப்பு இப்போது எதற்கு? கறுப்பு டேங்க், பக்கவாட்டில் கையால் போட்ட தங்கக் கோடு, அவ்வளவுதான்.

கோடு போட வந்தவர் முன்பு கடைகளுக்கும் பேருந்துகளுக்கும் போர்டு எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. இரண்டு விரல் நீளத்துக்கு மயிர் தொங்கும் மெல்லிய பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, பழைய தகரத்தின் மேல் இழுத்து இழுத்து அதிகப்படியை வடித்தார். சுண்டு விரலை டேங்க் ஓரத்தில் ஊன்றினார். மயிர் முழுவதும் டேங்க் மேல் படுத்த பிறகு கையை நகர்த்தினார். முன்பக்கத்திலிருந்து முட்டி வைக்கும் ரப்பர் வரை ஒரே இழுப்பு. டேப் ஒட்டவில்லை, பென்சில் கோடும் இல்லை. வளைவு வரும் இடத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டு தோளையே திருப்பினார், மணிக்கட்டு அசையவே இல்லை. கோடு காய்ந்த பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆரம்பிக்கும் இடத்தில் மயிரிழை அளவு தடித்திருக்கிறது. அது அவர் கையெழுத்து. ஸ்டிக்கரில் இது வராது.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர் வந்துவிட்டது!

பிளக்கில் பொறி விழும் நேரத்தை முடிவு செய்யும் பாயிண்டின் இடைவெளியை 0.35 மி.மீ.க்கு மேல், 0.40-க்குள் வைத்தோம். வால்வைத் திறக்கும் டேப்பட்டில் இடைவெளி கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இருபது ஐம்பது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரைச் சுற்றி, ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்த்தோம். கசிந்தது. அப்புறம்தான் பிளக்.

ஸ்டார்ட் செய்யும் முறையை எழுதி வைக்கிறேன், புதிதாகப் பழைய புல்லட் வாங்குபவர்களுக்கு உதவும். சாவியைப் போடுங்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, கால் தாண்ட முடியாமல் இறுகும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும், பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையை வைத்து அடிவரை ஒரே மிதி. பாதியில் விட்டுவிட்டாலோ பொறி விழும் டைமிங் முந்தியிருந்தாலோ கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலும் முழங்காலும் போனவர்கள் உண்டு. செருப்புக் காலோடு மிதிக்கவே கூடாது.

பாய்தான் மிதித்தார். முதலில் ஒரு இருமல், வெள்ளைப் புகை, அப்புறம் நிதானமாக அந்தச் சத்தம். பட்டறைப் பையன் கைதட்டினான். பாய் ஸ்குரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சுத்தமா இருக்கு” என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக் ஓட்டிப் பழகிய காலுக்கு எல்லாமே தலைகீழ். சாதாரணமாகப் போகும்போது பிரச்சினை இல்லை. திடீரென்று நாய் குறுக்கே வந்தால் மூளை யோசிக்காது, கால்தான் யோசிக்கும். வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் வண்டி நிற்காது. இதனால் விழுந்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அதனால் ரோட்டுக்கே போகவில்லை. வெறும் மைதானத்தில் காலை முழுவதும் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திக் காலைப் பழக்கினேன். இதை ஓட்டும் காலத்தில் என் மற்ற பைக்கைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

மே 4, ஞாயிறு

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வாசனை. யாரோ எப்போதோ மாற்றிய மிக்கார்ப் ரக கார்புரேட்டர் அது. ஹோஸ் தொட்டால் கொழகொழவென்று ஒட்டுகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது கெடுக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். கசியும் துளி சூடான சிலிண்டர் மேல் விழும் தூரம்தான். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டாயிற்று. நிறுத்தினால் பெட்ரோல் குழாயின் டேப்பை மூடுவது, ஓட்டாத நாட்களில் கார்புரேட்டரை வடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

காகித வேலை முடிந்தது. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், வழக்கமாக ஓட்டக் கூடாது. எனக்கு அது வேண்டாம். வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். இது ஓட்டுவதற்காகச் செய்த வண்டி.

ஜூன் 8, ஞாயிறு

ஏற்காடு. பாய் வீட்டில் பக்ரீத் விருந்தாளிகள், வரவில்லை. அதிகாலையில் அடிவாரம் தாண்டினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது கியரில் நேர்ச் சாலை, வளைவுக்கு இரண்டு. இன்ஜின் முக்கவே இல்லை. ஒவ்வொரு அடியும் பின் சக்கரத்தில் தெரிகிறது, மலைச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. காப்பித் தோட்டம் ஆரம்பிக்கும் குளிர்ச்சி முகத்தில் பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏரிக்கரையில் நிறுத்தியதும் ஒரு பெரியவர் வந்து டேங்கைத் தொட்டுப் பார்த்து, “எழுபத்து மூணா, நாலா?” என்றார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இறக்கம்தான் சோதனை. டிரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரியும், லைனர் பிடியை இழக்கும், லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினையே பிரேக்காக வைத்து, வளைவுக்கு முன்னால் மட்டும் விட்டுவிட்டுப் பிடித்தேன். பாதி வழியில் நிறுத்தி ஹப்பின் பக்கத்தில் கையைக் கொண்டு போனேன், நல்ல சூடு. ஆறும்வரை ஓரமாக நின்றேன். பின்னால் வந்த கார்க்காரர்கள் வண்டி ரிப்பேரா என்று கேட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டைமிங் கவர் ஓரத்தில் மெல்லிய ஆயில் ஈரம், பேக்கிங் மாற்ற வேண்டும். பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக் தளர்ந்திருக்கிறது. முன் பிரேக் கேபிளும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு ஹப்பைக் கழற்றி லைனர் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாயிடம் சொல்லி வைத்துவிட்டேன்.