மாமனார் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த வெப்லி

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டு அனுப்பினார். எண்பது வயதைத் தாண்டியவர். இங்கே ஒஹாயோவுக்கு வந்த நாளிலிருந்து நான் பழைய ராணுவச் சாமான்களைத் தேடி அலைவது தெருவுக்கே தெரியும். அதனால்தான் பரணில் கிடைத்த ரிவால்வரை ஒரு பழைய துண்டில் சுற்றி எனக்காக மேஜைமேல் வைத்திருந்தார். இறந்துபோன கணவரின் அப்பா 1918இல் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தது, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பரிசாகக் கொடுத்தது என்று அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

கேட்டதும் தள்ளிவிடக்கூடிய கதை இல்லை. அந்த அம்மாவின் மாமனார் டென்னசிக்காரர், அமெரிக்க ராணுவத்தின் 30ஆம் டிவிஷன். அந்த டிவிஷன் 1918 செப்டம்பர் கடைசியில் பிரான்ஸின் செயின்ட் குவென்டின் கால்வாயில் பிரிட்டிஷ் நான்காம் ராணுவத்தின் கீழ்தான் சண்டை போட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்வதும் அப்போது வழக்கம், ஆகவே ஒருத்தர் தன்னுடையதை எடுத்து நீட்டியிருக்கலாம்.

முதலில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இடப்பக்க நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கம் மடிந்து திறந்துகொள்ளும், ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். காலி. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

எந்த மாடல் என்பதில் சிரமமே இல்லை. ஆறங்குலக் குழல், சதுரமாக வெட்டிய பிடி, அடியில் கயிறு கட்டும் வளையம்: பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரான வெப்லி மார்க் 6. 1887இல் வந்த மார்க் 1 தொடங்கி மார்க் 5 வரை எல்லாவற்றுக்கும் பறவை அலகு மாதிரி வளைந்த பிடிதான், 1915இல் மார்க் 6 வந்தபோதுதான் அதை மாற்றினார்கள். சட்டகத்தில் 1917 என்று தெளிவாக இருந்தது. சட்டகத்திலும் சிலிண்டரிலும் ஒரே எண். வல்கனைட் (கெட்டி ரப்பர்) பிடி வெளிச்சம் பட்டுப் பழுப்பேறியிருந்தது, அதுவும் எனக்குப் பிடித்தது, மாற்றாத பிடி என்று அர்த்தம். நீலப்பூச்சு பாதி போயிருந்தாலும் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. சந்தையில் பளபளவென்று மின்னுகிற வெப்லியைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன், யாரோ தேய்த்துத் தேய்த்து முத்திரையை எல்லாம் கரைத்துவிட்டு மறுபூச்சு போட்டிருப்பார்கள்.

குழலுக்குள் டார்ச் அடித்தேன். குண்டைச் சுழலவைக்கும் ஏழு வரிப்பள்ளமும் இருக்கின்றன, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துருக்குழி. கார்டைட் என்ற வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் அந்தக் காலத்துப் பிரைமரும் உள்ள தோட்டாவைச் சுட்டுவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதுவரை கதைக்கு எந்தச் சேதமும் இல்லை. அடுத்து மற்ற முத்திரைகள். அரசாங்கச் சொத்து என்று சொல்லும் அகன்ற அம்புக்குறி இருந்தது, சரி, அதிகாரி சொந்தமாக வாங்கியது இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இரண்டு அம்பு, முனையோடு முனை முட்டியபடி. ராணுவம் இதை முறைப்படி விற்றுக் கழித்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அப்புறம் குழலில், கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற மூன்று எழுத்து. துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் இந்த முத்திரை 1954ஆம் வருஷ விதிகளோடு வந்தது. அதாவது மாமனார் கப்பலேறி 35 வருஷம் கழித்தும் இந்த ரிவால்வர் இங்கிலாந்தில்தான் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஏற்றுமதிக்காக ‘இங்கிலாந்து’ என்று வேறு அடித்திருந்தார்கள்.

சிலிண்டரின் பின்முகத்தையும் பார்த்தேன், இழைத்திருந்தது. பின்தட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கக்கூடாத இடைவெளி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாக இங்கே வந்திறங்கிய வெப்லிகளுக்கு அவற்றுக்கே உரிய .455 தோட்டா கிடைக்கவில்லை என்று வியாபாரிகள் சிலிண்டரை இழைத்து, அரைவட்டக் கிளிப்பில் .45 ஏசிபி என்ற அமெரிக்கத் தோட்டாவைப் போடும்படி செய்துவிட்டார்கள். சேகரிப்பவன் கண்ணில் பாதி விலை அங்கேயே போய்விடும். அதைவிட மோசம், அந்தத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு வரை போகும், .455க்கோ சுமார் 13,000தான். சிலது பல வருஷம் தாங்கும், சிலது கையிலேயே வெடிக்கும்.

எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, பேரன் அடுத்த வாரம் இதைச் சுட்டுப் பார்க்க வருகிறான், ஒரு பெட்டி தோட்டாகூட வாங்கிவைத்துவிட்டான் என்றார். என்ன தோட்டா என்று கேட்டேன். சமையலறை இழுப்பறையைத் திறந்து எடுத்துவந்தார், .45 ஏசிபியேதான். அதற்கப்புறம் தயங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது 1917இல் செய்தது, ஆனால் அமெரிக்கச் சட்டப்படி ‘ஆன்டிக்’ கணக்கில் வராது, அதற்கு 1898க்குள் செய்திருக்க வேண்டும், யாருக்காவது கொடுப்பதானால் உரிய முறையில்தான் கொடுக்க வேண்டும் என்பது வரை.

அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “அப்போ கடையில் வாங்கிவிட்டுத்தான் மாமியாரிடம் பிரான்ஸ், பரிசு என்று அளந்திருக்கிறார்” என்றார். விலை எவ்வளவு பெறும் என்று கேட்கவே இல்லை. தோட்டாப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ரிவால்வரை மறுபடி அதே துண்டில் சுற்றினார்.