ஸ்க்ரூஜின் பள்ளியும் ஃபெஸிவிக்கின் கிடங்கும்

1843 டிசம்பரில் வெளிவந்த டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையில், கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் கடைசியில் தன் கல்லறையைப் பார்த்து பயந்துதான் திருந்தினார் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, இரண்டாம் பகுதியிலேயே அவர் இளகிவிடுகிறார்.

அவரைத் திருத்த வரும் ஆவிகளில் கடந்தகாலத்தைக் காட்டும் ஆவி முதலில் அவரை, அவர் படித்த பள்ளிக்கு அழைத்துப் போகிறது. நொடித்துப்போன செங்கல் மாளிகை அது. ஈரச் சுவர்களில் பாசி, உடைந்த ஜன்னல்கள், லாயத்தில் மேயும் கோழிகள். எல்லாப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிறுவன் ஸ்க்ரூஜ் மட்டும் மங்கிய நெருப்பருகே உட்கார்ந்து படிக்கிறான். அவனுக்குத் துணை கதைப் புத்தகங்கள்தான். ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் கோடரியோடு, விறகுக் கழுதையைப் பிடித்தபடி அலிபாபா நிற்கிறான்! கிழவர் குழந்தைபோலக் குதூகலிக்கிறார், பிறகு அழுகிறார். முந்தின இரவு வாசலில் கரோல் பாடிய பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றுகிறது. அந்தப் பையனை அவர் அடிகோலைத் தூக்கி விரட்டியிருந்தார்.

அடுத்து அவன் தங்கை ஃபேன் ஓடி வருகிறாள். அப்பா இப்போது எவ்வளவோ அன்பாக இருக்கிறார், அண்ணனை அழைத்துவர வண்டி அனுப்பியிருக்கிறார் என்கிறாள். சில திரைப்படங்களில், ஸ்க்ரூஜைப் பெற்றபோது தாய் இறந்ததால் தந்தை வெறுத்தார் என்று வரும். நாவலில் அப்படி எதுவும் இல்லை. தந்தையின் கடுமைக்குக் காரணமே சொல்லப்படவில்லை. ஃபேனும் அக்கா அல்ல, அவனைவிட மிகவும் சின்னவள். அவள் பெற்ற ஒரே பிள்ளைதான் ஃப்ரெட் என்று நினைவூட்டப்படும்போது ஸ்க்ரூஜ் நெளிகிறார். முந்தின நாள்தான் அந்த மருமகனின் விருந்தழைப்பை உதறியிருந்தார்.

பிறகு, இளம் ஸ்க்ரூஜ் தொழில் பழகிய முதலாளி ஃபெஸிவிக்கின் கிடங்கு. என்ன வியாபாரம் என்று டிக்கன்ஸ் சொல்வதில்லை. தொழில் பழகும் பையன்கள் அங்கேயே தங்குகிறார்கள், கடையின் பின்புறம் கல்லாமேசைக்கு அடியில் படுக்கை. உணவும் உறக்கமும் முதலாளியின் கையில் இருந்த ஏற்பாடு அது. ஃபெஸிவிக் தரும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த எதிர்வீட்டுப் பையனுக்கு அவன் முதலாளி வயிறாரச் சோறு போடுவதில்லையோ என்று ஒரு வரி வருகிறது. ஃபெஸிவிக்கின் அருமை அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

விருந்து நாளில் கடிகாரம் ஏழு காட்டியதும் வேலை முடிகிறது. ஸ்க்ரூஜும் கூடத் தொழில் பழகும் டிக் வில்கின்ஸும் பலகைக் கதவுகளை மாட்டித் தாழிட்டு, பன்னிரண்டு எண்ணுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆட்டம் பதினொரு மணிவரை. மூன்று நான்கு பவுண்டுதானே செலவு என்று ஆவி சீண்டுகிறது. ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராச்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். மூன்று பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், அவருக்கு நான்கு வாரக் கூலி. ஆனால் ஸ்க்ரூஜ் கணக்குப் பேசவில்லை. நம் வேலையைச் சுமையாக்கவும் சுகமாக்கவும் ஃபெஸிவிக்கால் முடியும், அது அவருடைய சொல்லிலும் பார்வையிலும் இருக்கிறது என்று வாதாடுகிறார். உடனே தன் குமாஸ்தாவிடம் இரண்டு வார்த்தை பேசத் தோன்றுகிறது.

1824இல், 12 வயதில், தந்தை கடனுக்காகச் சிறையில் இருக்க, வாரம் ஆறு ஷில்லிங்குக்கு ஷூ பாலிஷ் கிடங்கில் வேலை செய்தவர் டிக்கன்ஸ். அந்த வலி இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மேடைக்குச் சுருக்குகிறவர்கள் நடனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கட்டும். கரோல் பாடிய பையன், ஃப்ரெட், குமாஸ்தா பற்றிய மூன்று வரிகளையும் வெட்டவே கூடாது. வெட்டினால், கடைசியில் ஸ்க்ரூஜ் கிராச்சிட் வீட்டுக்கு வாங்கியனுப்பும் வான்கோழி வெறும் பயத்தின் விலையாகிவிடும்.