ரனியேரியை அனுப்பிய வாரம்

2015 அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்கு வந்து சேர்ந்தேன். மனைவி ஏழு மாதம் முன்பே நர்ஸ் வேலைக்கு வந்து, பெல்கிரேவ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய வாரம் அது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான் பிறந்து வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம், கடற்கரை. அலைச் சத்தம் இல்லாமல் தூங்கிப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்த வாரம் ஊரில் எல்லோரும் ஒரு பீட்சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லெஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் மேனேஜர் கிளாடியோ ரனியேரி, ஒரு ஆட்டமாவது கோல் வாங்காமல் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லியிருந்தாராம். ஒன்பது ஆட்டம் முடியவில்லை. பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று ஜெயித்தார்கள். சொன்னபடி எல்லோரையும் கடைக்கு அழைத்துப் போனார். ஆனால் போன இடத்தில், மாவைப் பிசைந்து உங்கள் பீட்சாவை நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். எதையும் உழைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எங்கள் கரையில் பந்து என்றாலே கால்பந்துதான். மணலில் வெறுங்காலோடு விளையாடுவோம். கோயில் திருவிழாவை ஒட்டி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட் நடக்கும். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரை போன ஆட்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதனால் பந்து எனக்குப் புதிதில்லை. இங்கிலாந்தில் மேனேஜருக்கு இருக்கும் இடம்தான் புதிது. யார் ஆட வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. ஜெயித்தாலும் தோற்றாலும் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்து பதில் சொல்வதும் அவர்தான்.

அந்தப் பேட்டிகளுக்காகவே நான் ரனியேரியைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் ரோமாபுரிக்காரர். ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் நிறுத்தி, கையை அசைத்து, யோசித்து, இருக்கிற சொல்லை வைத்தே சொல்லி முடிப்பார். கவனம் சிதறுகிற ஆட்டக்காரனை எழுப்ப 'டில்லி டிங், டில்லி டாங்' என்று மணி அடிப்பதுபோல் சொல்வார். நானோ டிகிரி படித்தவன். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் கடையில் போய்ப் பால் கேட்கத் தொண்டை அடைக்கும். பஸ் டிரைவர் 'ஆல்ரைட் மீ டக்' என்றால் என்ன பதில் சொல்வதென்று தெரியாது. வாத்து என்று நம்மை ஏன் கூப்பிடுகிறார் என்று முதல் நாள் குழம்பினேன். அது இந்த ஊரில் பிரியமாக அழைக்கிற சொல் என்று அப்புறம்தான் தெரிந்தது. தப்பும் தவறுமாகப் பேசுகிற ஒருவரை இந்த ஊரே உட்கார்ந்து மரியாதையோடு கேட்கிறது என்று டிவியில் பார்த்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. இதை நான் லேசாகச் சொல்லவில்லை. வேலை கேட்டு ஏஜென்சி ஆபீசுக்குப் போன நாளில் மனதில் அவரை வைத்துக்கொண்டுதான் வாய் திறந்தேன்.

எதிர்வீட்டில் ஒரு குஜராத்திப் பெரியவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். உகாண்டாவில் பிறந்தவர். 1972-இல் இடி அமின் ஆசியக்காரர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது கம்பாலாவிலிருந்து வந்தவர். அப்போது லெஸ்டர் நகராட்சி, எங்கள் ஊரில் இடமில்லை, இங்கே வராதீர்கள் என்று உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்பார். ஸ்டேடியம் ஃபில்பர்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த காலம் முதல் லெஸ்டர் ஆட்டம் பார்க்கிறவர்.

ரனியேரி மேல் அவருக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. முந்தின மேனேஜர் நைஜல் பியர்சனை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின சீசனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணியை, கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை ஜெயிக்க வைத்துக் கரையேற்றியவர் பியர்சன். அதே கோடையில் அவரை அனுப்பிவிட்டார்கள். காரணம் ஆட்டம் இல்லை. நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அணியின் முக்கிய ஆட்டக்காரர்களான வார்டி, மஹ்ரேஸ், டிரிங்க்வாட்டர் எல்லோரும் பியர்சன் காலத்திலேயே வந்தவர்கள். அதாவது, நன்றாக வேலை செய்த ஒருவரை எழுப்பிவிட்டுக் காலியான நாற்காலியில்தான் ரனியேரியும் வந்து உட்கார்ந்தார். இது பிறகு எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

நான் சேர்ந்த வேலை ஒரு கிடங்கில், ராத்திரி ஷிப்ட். கையில் ஸ்கேனர், மணிக்கு இத்தனை பெட்டி எடுத்தாக வேண்டும் என்று கணக்கு. டிசம்பரில் எங்கள் வரிசையில் அதிகம் எடுத்தவர்கள் பட்டியலில் என் பெயர் இரண்டு வாரம் மேலே இருந்தது. ஜனவரி முதல் வாரம் போனில் ஒரு மெசேஜ் வந்தது: அடுத்த வாரம் ஷிப்ட் இல்லை. அவ்வளவுதான். வேறு கிடங்கில் வேலை கிடைக்க ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தில் லெஸ்டர் லீகில் பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கும்போது, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5,000. வார்டி தொடர்ந்து 11 ஆட்டத்தில் கோல் போட்டான். ரனியேரியிடம் கேட்டால், முதலில் 40 புள்ளி எடுத்துக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். 2016 மே 2 ராத்திரி, பட்டத்துக்குப் போட்டியாக இருந்த டாட்டனம் செல்சியோடு 2-2 என்று டிரா செய்ததும் பட்டம் லெஸ்டருக்கு உறுதியானது. எங்கள் தெருவில் தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியெல்லாம் வெளியே வந்தது. அங்கிள் வாசலில் செருப்பில்லாமல் நின்று அழுதார். ரனியேரி அன்று பகலில் இத்தாலியில், 96 வயது அம்மாவோடு சாப்பிடப் போயிருந்தார் என்று மறுநாள் படித்தேன். என் அம்மாவைப் பார்த்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. பட்டம் வாங்கியதைவிட அந்தச் செய்திதான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது.

அடுத்த சீசன் சரியாகப் போகவில்லை. நடுக்களத்தைத் தாங்கிக்கொண்டிருந்த காண்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டது. எதிரணிகள் பின்னால் நிறைய ஆள் நிறுத்தி, வார்டி ஓட இடமில்லாமல் அடைத்தார்கள். ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் மட்டும் பிரிவில் முதலாவதாக வந்தார்கள். 2017 ஜனவரியில் உலகின் சிறந்த பயிற்சியாளர் என்று ஃபிஃபா ரனியேரிக்கு விருது கொடுத்தது. பிப்ரவரி 7-ஆம் தேதி நிர்வாகம், அவருக்கு எங்கள் அசையாத ஆதரவு உண்டு என்று அறிக்கை விட்டது. அங்கிள் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இந்த ஊரில் இப்படி அறிக்கை வந்தால் பெட்டி கட்டச் சொல்கிறார்கள் என்று பொருள் என்றார்.

பிப்ரவரி 22 ஸ்பெயினில் செவில்லாவோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். 2-1 என்று தோற்றார்கள். ஆனால் வார்டி போட்ட அந்த ஒரு கோலால், சொந்த மண்ணில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்தில் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை, டோரிஸ் புயல். குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டுகொண்டிருந்தன. ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: ரனியேரியை நீக்கிவிட்டார்கள். பட்டம் வாங்கி ஒன்பது மாதம்தான். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு அட்டை. ஸ்டேடியத்தில் ஒவ்வொரு இருக்கையிலும் வைப்பார்களே, விசிறிபோல மடித்துக் கையில் அடித்துச் சத்தம் எழுப்பும் நீல அட்டை, அது. கோப்பை கொடுத்த நாளில் எடுத்து வந்தது. மடிப்பெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அதைப் பிரித்து மேசையில் வைத்து, கட்டை விரலால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து நீவிக்கொண்டே இருந்தார். பேசவில்லை. நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் ரனியேரியின் அறிக்கை வந்தது. நேற்று என் கனவு செத்துவிட்டது என்று தொடங்கியது. இந்த அணியோடு எப்போதும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது என்று எழுதியிருந்தார்.

ஊரில் அப்பாவுக்குப் போன் செய்தேன். டிவியில் பார்த்துவிட்டார். அப்பா ஆழ்கடல் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். ஒரே படகில் நான்கு வருஷம். அந்தக் கரையில் அதிக மீன்பாடு கொண்டுவந்த படகு அது என்று பேர் இருந்தது. நான் பிளஸ் டூ படித்த வருஷம் தொடர்ந்து மூன்று தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் பயணம், பாடு இல்லை. டீசல் காசுகூட வரவில்லை. நான்காவது தங்கலுக்கு ஐஸ் ஏற்றுகிற நாளில், முதலாளி ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினார்: இந்தத் தடவை வேறு ஆள் போகிறான். அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அன்றுதான் பேசினார்.

"பாடு கெடைக்கலண்ணா டிரைவரத்தான் மாத்துவானுவ மக்களே. கடல மாத்த முடியுமா?"

"அந்த மனுசன் பட்டம் வாங்கிக் குடுத்தாருல்லப்பா."

"நானும் நாலு வருசம் மீனு கொண்டாந்தேன். போன தங்கலுல கொண்டாந்த மீன யாரு இண்ணைக்கு எடை போடுவா?"

நான் எங்கெங்கோ படித்ததெல்லாம் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. ஆட்களை வாங்கவும் விற்கவும் கொடுத்த கெடு ஜனவரி 31-ஓடு முடிந்திருந்தது. இருபது பேரை மாற்ற வழியில்லை, ஒருவரை மாற்றலாம். பிரீமியர் லீகில் 20 அணி. கடைசி மூன்று அணி அடுத்த நிலைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் டிவி உரிமைப் பணம் பெரிதாகக் குறையும். லெஸ்டர் அன்று 17-ஆவது இடம். 25 ஆட்டத்தில் 21 புள்ளி. அபாயத்துக்கு ஒரு புள்ளிதான் தள்ளி. அந்த வருஷம் பிறந்த பிறகு லீகில் ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த சீசனில் ரனியேரியின் கை தாழ்ந்துதான் இருந்தது, மறுக்க மாட்டேன். கிளப் முதலாளி பயந்ததும் எனக்குப் புரிகிறது. ஆனால் இறங்கினாலும் பரவாயில்லை, இவரோடு இறங்கி இவரோடே ஏறி வருவோம் என்று அங்கிள் சொன்னார். அன்று கடைகளில் பலரும் அதைத்தான் சொன்னார்கள். ஐம்பது வருஷம் டிக்கெட் வாங்கியவர்களின் கணக்கு அது. அதைக் கேட்க ஆள் இல்லை. ரனியேரிக்கு இது முதல் தடவையும் இல்லை. 2004-இல் செல்சியை லீகில் இரண்டாம் இடத்துக்கும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கும் கொண்டுபோன பிறகு அங்கேயும் அனுப்பினார்கள்.

அடுத்த திங்கள் லிவர்பூலோடு ஆட்டம். அங்கிளின் மருமகன் வரமுடியாததால் அவர் சீட்டில் நான் போனேன். முதல் முறையாக ஸ்டேடியம் உள்ளே. ரனியேரியின் முகமூடி போட்டுக்கொண்டு பலர் வந்திருந்தார்கள். எங்கு திரும்பினாலும் அவர் முகம், அவருடைய கண்ணாடி. துணைப் பயிற்சியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பில் இருந்தார். கிட்டத்தட்ட அதே ஆட்கள், முந்தின வருஷம்போல ஓடினார்கள். வார்டி ஒன்று, டிரிங்க்வாட்டர் தூரத்திலிருந்து ஒன்று, மறுபடி வார்டி. 3-1. ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து கத்தினேன். உட்கார்ந்ததும் நெஞ்சு கனத்தது. இதே ஓட்டத்தைப் போன வாரம் ஓடியிருந்தால் என்ன என்று பின்வரிசையில் ஒரு பெண்மணி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவிடம் சொன்னபோது, தன் படகு அந்த நான்காவது தங்கலில் நிறைய மீனோடு வந்தது என்றார். "காத்து மாறிச்சு. அவனுக்குக் கெடச்சுது."

அந்த சீசன் லெஸ்டர் 12-ஆவதாக முடித்தது. சாம்பியன்ஸ் லீகில் காலிறுதி வரை போனது. ஷேக்ஸ்பியருக்கு வேலையை நிரந்தரமாக்கினார்கள். நான்கே மாதத்தில், அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள்.

எனக்கு அதற்குள் கிடங்கில் நிரந்தர வேலை ஆகிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்தேன். புதிதாக ஏஜென்சியில் வருகிறவர்களுக்கு ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. ஜனவரியில் யார் பெயரை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எடுத்த நாளில் அவரவரிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மெசேஜில் தெரிய விடமாட்டேன்.

2021 நவம்பர் 28 ஞாயிறு, மகனை முதல் முறை ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு ஐந்து வயது. வாட்ஃபோர்ட் அணியோடு ஆட்டம்; வாட்ஃபோர்டின் மேனேஜர் ரனியேரி. வயது எழுபது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிரணியின் மேனேஜராக வந்தவருக்கு எங்கள் பக்கம் முழுக்கக் கை தட்டியது. அங்கிள் அந்த நீல அட்டையைக் கோட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு வந்திருந்தார். நைந்துபோன அதைக் கையில் அடித்தால் சத்தமே வரவில்லை, ஆனாலும் அடித்தார். லெஸ்டர் 4-2 என்று ஜெயித்தது. ஜனவரியில் வாட்ஃபோர்டும் அவரை அனுப்பிவிட்டது.

அந்த ஆட்டம் நடந்த அன்று ராத்திரி அப்பா போன் செய்தார்.

"பாத்தியா அவர?"

"பாத்தேன்பா. தூரத்துல."

"கைய அசச்சாரா?"

"அசச்சாருப்பா."