பிரான்சிஸ்குவுக்குக் கேட்கவில்லை

மே 13. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பைபாஸில் பறக்கும் பஸ் காலியாக நிற்க, அம்மா காரிமங்கலம், காவேரிப்பட்டணம் எல்லாம் நுழைந்து போகும் பஸ்ஸில்தான் ஏறுவேன் என்றாள். அவசரமாகப் போய் மாதாவிடம் என்ன அவசரமாகக் கேட்கப் போகிறோம் என்பது அவள் கட்சி. போகுமிடம் கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலம். வழியெல்லாம் மாங்காய் ஏற்றிய வண்டிகள். காரிமங்கலம் தாண்டி, பாறைக் கரட்டின் அடியில் இரண்டு பொடியன்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பார்த்துத்தான், பாத்திமா என்ற ஊரில் மாதாவைப் பார்த்ததாகச் சொன்ன பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு நான்கு வருஷமாகக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த மிஷின் பீரோவில் தூங்குகிறது. அதனால் கதையைக் கத்தித்தான் சொன்னேன். பஸ்ஸில் பாதிப்பேர் கேட்டார்கள்.

1917இல் போர்ச்சுகலில், பாத்திமாவில் கோவா தா இரியா என்ற மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள். லூசியாவுக்குப் பத்து வயது. அவளுடைய அத்தை பிள்ளைகள் பிரான்சிஸ்குவுக்கு எட்டு, ஜசிந்தாவுக்கு ஏழு. மே 13 அன்று ஒரு சின்ன ஓக் மரத்தின் மேல் வெள்ளை உடையில் ஒரு பெண். அக்டோபர் வரை மாதாமாதம் 13ஆம் தேதி வரச் சொன்னாள். ஆகஸ்டில் மட்டும் உள்ளூர் அதிகாரி பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டதால், காட்சி 19ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது.

இதெல்லாம் அம்மாவுக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. லூசியா மாதாவைப் பார்த்தாள், கேட்டாள், பேசினாள். ஜசிந்தா பார்த்தாள், கேட்டாள், பேசவில்லை. பிரான்சிஸ்கு பார்த்ததோடு சரி. ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை. மாதா என்ன சொன்னாள் என்று ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

"அவனுக்கும் கேக்கலையா?" என்றாள் அம்மா.

பையனும் மோட்சத்துக்கு வருவானா என்று லூசியா கேட்டதற்கு, வருவான், ஆனால் நிறைய செபமாலை சொல்ல வேண்டும் என்று பதில் வந்ததாம். அதையும் கத்தினேன். அம்மா கைப்பையைத் திறந்து செபமாலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அற்புதம் என்று சொல்ல மாட்டார்கள், 'புதுமை' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். புதுமைகளோடு எனக்குள்ள உறவு மட்டும் கொஞ்சம் இழுபறி. அக்டோபர் 13 அன்று நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டும் மழையில் சேற்றில் நின்ற கூட்டம், குறைந்த கணக்கில் முப்பதாயிரம், கூடுதல் கணக்கில் எழுபதாயிரத்துக்கும் மேல். மேகம் விலகியது; சூரியன் மங்கிய வெள்ளித் தட்டுப் போலச் சுழன்றது, கீழே விழ வந்தது, நனைந்த துணி காய்ந்துவிட்டது என்றார்கள். பாதிரிமாரைக் கண்டால் ஆகாத 'ஓ செக்குலோ' நாளிதழின் நிருபர் அவெலினோ தெ அல்மெய்தாவும் சூரியன் ஆடியதை எழுதினார். அதே கூட்டத்தில் ஒன்றும் பார்க்காதவர்களும் உண்டு. வானாய்வு நிலையங்களிலும் எந்த அசைவும் பதிவாகவில்லை.

நான் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? அநேகமாகக் குடையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பேன். பாத்திமா அடங்கிய லெய்ரியா மறைமாவட்டத்தின் ஆயர் 1930இல் காட்சிகளை நம்பத்தக்கவை என்று அறிவித்தார். நம்பியே தீர வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இது பல பேருக்குத் தெரியாது, கோயிலுக்கு வாராவாரம் போகிறவர்கள் உட்பட.

திருத்தலத்தில் நல்ல கூட்டம். அம்மா மெழுகுதிரி ஏற்றிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். பிரசங்கம் காதில் விழாது. கண்ணை மாதா சுரூபத்தைவிட்டு எடுக்கவேயில்லை. எல்லோரும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்த பிறகு இவள் குரல் மட்டும் தனியாகக் கடைசி வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வெளியே வந்ததும் கேட்டேன், காதுக்கு வேண்டிக்கிட்டியா என்று.

"இந்த வயசுல காது எதுக்கு? உங்க அண்ணன் லோனுக்கு வேண்டிக்கிட்டேன்."

திரும்பும்போதும் அதே மாதிரி பஸ்தான். காவேரிப்பட்டணத்தில் ஜன்னல் வழியாக மாங்காய்க் கீற்று வாங்கி, மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?"

விஷக்காய்ச்சல் பரவிய காலம். 1919 ஏப்ரல் 4 அன்று இறந்தான், பதினோரு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த பிப்ரவரியில் தங்கை. லூசியா 97 வயது வரை இருந்தார். 2017 மே 13 அன்று போப் பிரான்சிஸ் அண்ணன் தங்கை இருவரையும் புனிதராக்கினார். அம்மா கீற்றைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். "அந்தப் பையனுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க. மாதா வந்து கண்ணாலேயே பேசுனாளாம்." அந்தப் பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

திருத்தலாமா என்று யோசித்தேன். அதற்குள் காரிமங்கலம் வந்துவிட்டது, ஏறுகிற கூட்டத்துக்கு இடம் விட எழுந்து நின்றேன்.